குற்றம் கண்ணிலா, பக்கத்திலா?

பெரிய காஞ்சிபுரத்தில் அண்மையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் மூத்த நண்பர் ஒருவர், "வாசகன்தான் இலக்கியத்தை நோக்கி ஏறி வர வேண்டும், இலக்கியம் வாசகனை நோக்கி இறங்கி வரக் கூடாது" என்றார். அரங்கம் கைதட்டியது. நாமும் தட்டினோம். தட்டி ஓய்ந்த பிறகுதான் அவர் எந்தக் கேள்விக்கு விடையாக இதைச் சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது. கேட்டவர் ஓர் இளைஞர். நண்பரின் கட்டுரைகளைத் திரையில் படிக்கச் சிரமமாக இருக்கிறது, பத்தி பிரித்துப் போடலாகாதா, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கலாகாதா என்பதே அவர் கேட்டது. பத்தி பிரிக்கச் சொன்னவருக்கு இலக்கியத்தின் உயரம் பற்றிய சொற்பொழிவு கிடைத்தது.

இந்தக் குழப்பத்தோடுதான் நம் வழக்கு. படிப்பதில் இருவகைச் சிரமங்கள் உண்டு. ஒன்று பொருளின் சிரமம். சொல்லப்படும் கருத்து அடர்த்தியானது, புதியது, நம் பழக்கத்துக்கு மாறானது என்பதால் வருவது. அந்தச் சிரமத்தை வாசகர் பட்டே ஆக வேண்டும். வாசிப்பின் பயனும் அதில்தான் இருக்கிறது. மற்றொன்று பக்கத்தின் சிரமம். சொற்கள் ஒட்டிக் கிடப்பதாலும், வரிகள் நெருக்கியடிப்பதாலும், பத்தி என்ற ஒன்றே இல்லாததாலும் வருவது. இதைப் பட்டு வாசகர் பெறுவது தலைவலி ஒன்றே. முதல் சிரமத்துக்கு உரிய மரியாதையை இரண்டாவதற்கு வாங்கித் தருவது நம் சூழலில் நெடுநாளாக நடந்துவருகிறது. வாசகர் ஏறி வரட்டும் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் படிக்கட்டில் முள்ளைப் பரப்பி வைத்துவிட்டு, ஏறத் தெரியாதவன் என்று அவரைப் பழிக்க வேண்டாம்.

இது வெறும் அலங்காரப் பிரச்சினை என்று கருதுவோருக்காக நம் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். நம் மாணவர்களில் பலர் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரியை எட்டியவர்கள். அவர்களுடைய நூலகம் உள்ளங்கை அகலமே உள்ள கைப்பேசித் திரை. ஒருநாள் சிறுகதை பற்றிய விமர்சனக் கட்டுரை ஒன்றைத் திரையில் எடுத்து உரக்கப் படிக்குமாறு ஒரு மாணவியிடம் சொன்னோம். ஏறத்தாழ ஆயிரம் சொற்கள், ஒரே பத்தி. வரிகள் இருபுறமும் நேராக நிற்க வேண்டும் என்று யாரோ விரும்பியதால் சொற்களுக்கிடையே பெரும்பெரும் ஓட்டைகள். மூன்றாம் வரியை முடித்து நான்காம் வரிக்குப் போக வேண்டியவர் ஐந்தாம் வரிக்குப் போனார். திரும்பி வந்தார். மீண்டும் தவறினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குப் படிக்க வரல ஐயா" என்றார்.

அதே கட்டுரையைப் பத்தி பிரித்து, வரிகளுக்கிடையே இடம் விட்டு, தாளில் எடுத்து மறுநாள் கொடுத்தோம். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தடையின்றிப் படித்தார். படித்து முடித்துவிட்டு, கட்டுரையாசிரியரின் முடிவு கதைக்குப் பொருந்தவில்லை என்று நம்மோடு வாதிடவும் செய்தார். அவர் வென்றது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் முதல் நாள் அவர் சொன்ன வாக்கியம் நம்மை விட்டு அகலவில்லை. பக்கத்தின் குற்றத்தை அவர் தம் குற்றமாக ஏற்றுக்கொண்டிருந்தார். அன்று தாள் கிடைக்காமல் போயிருந்தால், தமக்குத் தமிழ் வராது என்ற முடிவோடு அவர் வீடு திரும்பியிருப்பார்.

"நம் முன்னோர் இடைவெளியும் பத்தியும் கேட்டா படித்தார்கள்?" என்று வினவுவோர் உண்டு. முன்னோரையே பார்ப்போம். நம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்பவை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் எழுத்துகள் ஓடுகின்றன. ஊராட்சியின் விதிகள் ஊர் நடுவே சுவரில் இருக்கின்றன. இன்று அவ்வூர்க்காரர் அவற்றை அறிந்துகொள்ளக் கல்வெட்டு அறிஞரின் துணை வேண்டும். எழுத்து வடிவம் மாறிவிட்டது என்பது ஒரு காரணம். வடிவங்களைக் கற்றுக்கொண்ட பிறகும் சொல் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருப்பது மற்றொரு காரணம்.

ஓலைச்சுவடியின் நிலை இன்னும் கடினம். பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். எழுதப்பட்டிருப்பது எரியா ஏரியா, பாவையா பரவையா என்பதை இடம் நோக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். இதைப் பழைமையின் பெருமை என்று கொண்டாடுவோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. தெளிவுதான் நம் பழைய விதி. குழப்பம் பின்னால் வந்த பழக்கம். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணால் பிரித்தறியும் இன்றைய வடிவத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். தமிழைக் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் தமிழருக்கும் சேர்த்து வழி செய்தார்.

இது தமிழுக்கு மட்டும் உரிய கதையன்று. பண்டை இலத்தீன் ஏடுகளிலும் சொற்கள் இடைவெளியின்றியே எழுதப்பட்டன. சொற்களைப் பிரித்து எழுதும் முறையை ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் முறையாகக் கைக்கொண்டவர்கள் அயர்லாந்தின் துறவிகள். இலத்தீன் அவர்களுக்குத் தாய்மொழி அன்று. ஆகவே இடைவெளி தேவைப்பட்டது. அவர்களின் தேவையால் பிறந்த வசதியை ஐரோப்பா முழுவதும் பின்னர் எடுத்துக்கொண்டது. வாசலில் நிற்பவருக்காக வைக்கும் விளக்கு வீட்டுக்காரருக்கும் ஒளி தருகிறது.

நம் அச்சு வரலாற்றிலும் இதே கதைதான். ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். நிறுத்தக் குறிகளைத் தமிழ் உரைநடையில் பரவலாகக் கையாண்ட முன்னோடிகளில் அவர் ஒருவர். அவரைப் புலமை குறைந்தவர் என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது மூலத்தை மட்டும் அச்சிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. முகவுரையும், நூலாசிரியர் வரலாறும், அரும்பத அகராதியும் சேர்த்தார். நூலை அவர் எளிதாக்கவில்லை. நூலுக்குள் போகும் வழியை எளிதாக்கினார். இந்த வேறுபாட்டைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

1950களில் மர்ரே எஸ். ராஜம் இந்த வழியில் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தார். மர்ரே அண்ட் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தை நடத்திய அவர், அறிஞர் குழு ஒன்றைத் துணையாகக் கொண்டு சங்க நூல்களையும் கம்பராமாயணத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் சந்தி பிரித்து, நிறுத்தக் குறியிட்டு, மலிவு விலையில் வெளியிட்டார். எஸ். வையாபுரிப் பிள்ளையின் புலமை அப்பணிக்குப் பின்னணியாக இருந்தது. இன்று சங்க இலக்கியத்தைத் தாமே படித்துப் பார்த்தவர் என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ பேர் அப்பதிப்புகள் வழியாகவோ அவற்றின் மறுபதிப்புகள் வழியாகவோ வந்தவர்கள். நம்மையும் சேர்த்துத்தான்.

சந்தி பிரிப்பதற்கு எதிரான வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். செய்யுளில் சீர் ஓர் இடத்தில் முடியும், சொல் வேறோர் இடத்தில் முடியும். சொல்லைப் பிரித்து அச்சிட்டால் சீரும் தளையும் கண்ணுக்கு மறைந்துவிடும். சீர்ப்படி அச்சிட்டால் சொல் நடுவே உடையும். யாப்பிலக்கணம் கற்பிக்கும் நமக்கு இந்த இழப்பு தெரியாதது அன்று. ஆனால் தாளில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி இருந்தது. திரையில் அது இல்லை. சீர் பிரித்த வடிவத்தையும் சொல் பிரித்த வடிவத்தையும் அடுத்தடுத்துக் கொடுக்கத் தாள் செலவும் இல்லை, அச்சுக்கூலியும் இல்லை. இந்த வாய்ப்பு கிட்டிய காலத்தில் இரண்டையும் செய்யாமல் மரபின் பெயரால் ஒட்டிக் கிடப்பதையே தருவதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

மரபு என்றால் நன்னூலும் மரபே. நூலுக்கு உரிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலை அடுத்து விளங்க வைத்தலைப் பவணந்தி வைத்திருக்கிறார். பத்துக் குற்றங்களில் மயங்க வைத்தலும் ஒன்று. காஞ்சியைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் பரிமேலழகரின் குறள் உரை எளிதானது அன்று. நல்ல பதிப்பு ஒன்றில் நிறுத்தக் குறியும் சொற்பிரிப்பும் பத்தியும் பெற்ற பிறகும் அது கடினமாகவே இருக்கிறது. ஆனால் அப்போது நாம் பொருதுவது அவருடைய சிந்தனையோடு. பக்கம் தெளிந்ததால் அவர் ஒரு அங்குலமும் சிறுத்துவிடவில்லை.

இனி எதிர்த்திசையில் நிற்போரிடம் வருவோம். இவர்கள் வேறு வகை. இணையத்தில் யாரும் நீளமாகப் படிக்க மாட்டார்கள் என்பது இவர்கள் வேதவாக்கு. ஆகவே வாக்கியத்துக்கு ஒரு பத்தி, பத்திக்கு ஒரு படம், நான்கு சொல்லுக்கு ஒரு தடித்த எழுத்து. கருத்து ஐந்து குறிப்புகளாக வெட்டப்பட்டுத் தட்டில் வைக்கப்படும். எளிமை என்ற பெயரில் பொருளின் சிரமத்தையே அகற்றிவிடுகிறார்கள். மூத்த நண்பரின் கோபம் இவர்கள்மீது என்றால் அந்தக் கோபத்தில் நமக்கும் பங்கு உண்டு.

இவர்களுக்கு விடை சொல்ல நம் ஊர்க்காரர் ஒருவரே போதும். 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார் அண்ணா. 1950களில் அவர் தம்பிக்கு எழுதிய கடிதங்கள் பல பக்கங்கள் நீள்பவை, வாக்கியங்களும் நீண்டவை. வரலாறும் அயல்நாட்டு அரசியலும் இலக்கியமும் அவற்றில் கலந்திருக்கும். படிப்பகங்களில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் உள்பட மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். நீளம் அவர்களை விரட்டவில்லை; அயல்நாட்டுப் பெயர்களும் விரட்டவில்லை. அவருடைய வாக்கியத்தில் மூச்சு விடும் இடம் எது என்பது படிப்பவருக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் வேண்டியது. எளிய மனிதருக்கு எளிய கருத்தே போதும் என்று முடிவு கட்டுவது, வாசகன் ஏறி வரட்டும் என்று சொல்லும் மேட்டிமையின் மறுபக்கமே அன்றி வேறன்று.

திரைக்கு வந்த தமிழின் வரலாற்றையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியபோதும், 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியபோதும், இதழுக்கு ஓர் எழுத்துரு என்பதே நிலைமை. ஓரிடத்தின் எழுத்துருவை நிறுவாதவருக்கு அவ்விடத்துத் தமிழ் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் தெரிந்தது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி போன்றவர்கள் வாசகர் எதையும் நிறுவாமலே படிப்பதற்கு வழி தேடி உழைத்தார்கள். அவருடைய தேனீ எழுத்துரு அப்படிப் பிறந்தது. 2006இல் அவர் மறைந்தார். ஒருங்குறி பரவி, 2010இல் தமிழக அரசும் அதைத் தரமாக அறிவித்தது. இன்று தமிழ் எழுத்து எந்தக் கைப்பேசியிலும் தெரிகிறது. அன்று தடை இயந்திரத்தில் இருந்தது. தன்னார்வலர்கள் இரவு விழித்து அதை அகற்றினார்கள். இன்று எஞ்சியிருக்கும் தடை எழுதுவோரும் வெளியிடுவோருமாகிய நாம் வைப்பது.

குறை சொல்லிவிட்டு நகர்வது நம் நோக்கமன்று. செய்யத்தக்கவை சிலவற்றையும் சொல்கிறோம். இவற்றில் ஒன்றுக்கும் பொருட்செலவு இல்லை.

முதலாவது, சொற்களைப் பிரித்தெழுதுவது. "வந்தானென்றறிந்தேன்" என்பதை "வந்தான் என்று அறிந்தேன்" என்று எழுதினால் இலக்கணம் கெடாது. பிரிப்பது வேறு, வல்லொற்றை விட்டுவிடுவது வேறு. "வேலை கொடுத்தான்" என்றால் பணி கொடுத்தான். "வேலைக் கொடுத்தான்" என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான். அந்த ஒற்றை எழுத்து படிப்பவருக்கு வழிகாட்டி. அதைப் பண்டிதத்தனம் என்று ஒதுக்குவோர் வாசகருக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு உபத்திரவம் செய்கிறார்கள்.

இரண்டாவது, பத்தி. கருத்து திரும்பும் இடத்தில் பத்தி திரும்ப வேண்டும். ஆயிரம் சொல்லுக்கு ஒரு பத்தியும் குற்றம், வாக்கியந்தோறும் ஒரு பத்தியும் குற்றம். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றோடொன்று பிணைப்பதற்குக் கோர்வை என்று பெயர். எழுத்தில் கோர்வை என்று நாம் சொல்வதும் அதுவே. கரை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டால் பிரியக் கூடாது.

மூன்றாவது, வரிகளை இருபுறமும் நேராக்கும் ஆசையைக் கைவிடுவது. அச்சுக்கோப்பவர் தமிழ்ச்சொல்லை வரி முடிவில் உடைத்து, அடுத்த வரி புள்ளியெழுத்தில் தொடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்வார். ஆகவே அச்சில் இருபுறமும் நேராக வந்தது. திரை பொதுவாக இடைவெளி உள்ள இடத்தில்தான் வரியை உடைக்கும். நம் சொற்களோ நீளமானவை. குறுகிய திரையில் வரிக்கு மூன்று நான்கு சொற்களே அமையும்போது, அவற்றை இழுத்து நேராக்கினால் ஓட்டைகள்தாம் மிஞ்சும். இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் ஏறியிறங்கியும் இருந்தால் ஒரு குறையும் இல்லை.

நான்காவது, வரிகளுக்கிடையே இடம். தமிழெழுத்து மேலும் கீழும் கை நீட்டுவது. மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் கால்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளி நமக்குப் போதாது. மேல் வரியின் "ழு"வும் கீழ் வரியின் "றீ"யும் முட்டிக்கொள்ளாத அளவுக்கு இடம் வேண்டும்.

ஐந்தாவது, சாய்த்தெழுதுவதும் அடிக்கோடிடுவதும் வேண்டாம். சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்தால் நோயாளிபோல் தெரிகிறது. அடிக்கோடு எழுத்தின் கால்களை வெட்டுகிறது. தடித்த எழுத்தில் "ண", "ஐ" போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். தலைப்போடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆறாவதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கவிதையையும் கட்டுரையையும் படமாக வெளியிடாதீர்கள். அழகான பின்னணியில் அழகான எழுத்துருவில் அமைத்த படம் பார்வையற்ற வாசகருக்கு வெறும் மௌனம். திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும் மென்பொருள்கள் இன்று தமிழையும் படிக்கின்றன. ஆனால் அவற்றுக்கு எழுத்து வேண்டும், எழுத்தின் புகைப்படம் உதவாது. பழைய குறியாக்கங்களில் கிடக்கும் எழுத்துகளுக்கும் இதே கதி. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எழுதியவர்கள் தம் பழைய எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றி வைப்பது, ஓலையிலிருந்து தாளுக்கு மாற்றியவர்களின் பணிக்கு ஒப்பானது. மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மனம்தான் வேண்டும்.

இவை அற்பமானவை என்று மூத்த நண்பருக்குத் தோன்றலாம். கருத்துப் போர் நடத்தப் புறப்பட்டவரிடம் வரியிடைவெளி பற்றிப் பேசுவதா என்று அவர் சினக்கலாம். அவரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். தம் அடுத்த கட்டுரையை வெளியிடுமுன், ஒரு கைப்பேசியை எடுத்து, அதில் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்துப் பார்க்கட்டும். எங்கே வரி தவறுகிறாரோ, எங்கே மூச்சு வாங்குகிறாரோ, அங்கெல்லாம் தம் கருத்தின் ஆழம்தான் தம்மைத் தடுத்ததா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

நம் மாணவி அந்தக் கட்டுரையாசிரியரின் முடிவை மறுத்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்தி பிரித்துத்தான் எழுதியிருக்கிறார். அவர் மறுப்பது சரியா தவறா என்று வாதிட நாம் அணியமாக இருக்கிறோம்; மூத்த நண்பரும் வரலாம். ஏறி வந்துவிட்ட வாசகரோடு பொருதும் மகிழ்ச்சி அவருக்கும் கிட்டட்டும்.